இருளை விற்று வாங்கிய வெளிச்சம்: இப்னுல் ஹைதமின் இருட்டறை முதல் வீட்டு லேசர் புரொஜெக்டர் வரை



கொஞ்சம் நீண்ட பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

அண்மைக் காலமாக எமது ஊரில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சேர், வீட்டுக்குப் பெரிய டீவி எடுப்பதா, லேசர் புரொஜெக்டர் எடுப்பதா? விளம்பரத்தில பத்து இலட்சத்துக்கு ஒன்று கொன்ட்ராஸ்ட் எண்டு போட்டிருக்கு, உண்மையா?" வெளிநாட்டில் இருக்கும் நானாமார் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார்கள். மண்டபங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பழைய மாணவர்கள் வாங்கித் தர முன்வருகிறார்கள். இலட்சக்கணக்கில் பணம் போகும் விடயம். அதிலும் ஊர்ப் பணம் என்றால் அது அமானிதம்.

இதற்கு "இதை வாங்குங்கள்" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரி அடுத்த வருடமே பழசாகிவிடும். புது மொடல் வரும், புது இலக்கம் வரும். சுவரில் படம் காட்டும் இந்தக் கலையின் ஆயிரம் வருட வரலாறு தெரிந்தால், எந்த விளம்பரத்தையும் நாமே எடை போடலாம். அந்த வரலாறு முழுவதும் ஒரே கொடுக்கல் வாங்கல்தான். ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கியிருக்கிறது.

■ முதல் பேரம்: ஒரு சிறிய துளை

இப்னுல் ஹைதம் பஸ்ராவில் கி.பி. 965 அளவில் பிறந்து கெய்ரோவில் 1040 அளவில் மறைந்தவர். 1011 முதல் 1021 வரையான காலத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலை எழுதினார். 2015ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஒளி ஆண்டாக அறிவித்தபோது, அந்த நூலின் ஆயிரம் ஆண்டு நிறைவும் நினைவுகூரப்பட்டது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "கெமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம்" என்று வட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு படம் சுற்றும். அது சரியல்ல. இருட்டறைக்குள் சிறு துளை வழியாகப் படம் தலைகீழாக விழும் என்பதை அவருக்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் முந்தியே சீனாவில் மோ ட்ஸுவைப் பின்பற்றியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். துளையால் வரும் சூரிய ஒளி பற்றிய கேள்விகள் அரிஸ்டோட்டிலின் பெயரில் உள்ள நூலிலும் இருக்கின்றன. இப்னுல் ஹைதமின் பெருமை வேறு. அவர் சோதித்துப் பார்த்தார்.

ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். துளைக்கு அப்பால் இருண்ட இடம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டு சுவரில் தனித்தனியே விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் பொட்டு மட்டும் மறைந்தது. மற்றவை அப்படியே இருந்தன. ஒளிக்கதிர்கள் துளைக்குள் ஒன்றையொன்று குறுக்கிட்டாலும் கலந்து குழம்புவதில்லை என்பதை எவரும் செய்து பார்க்கக்கூடிய விதத்தில் காட்டினார்.

எமது கதைக்கு இன்னும் முக்கியமானது, கிரகணத்தின் வடிவம் பற்றி அவர் எழுதிய சிறு நூல். பகுதிச் சூரிய கிரகணத்தின்போது சிறிய துளை வழியாக வரும் ஒளி பிறை வடிவில் விழும். துளையைப் பெரிதாக்கினால் பிறை மங்கி, வெறும் வெளிச்ச வட்டமாகிவிடும். ஏன் என்று அவர் வடிவகணிதத்தால் விளக்கினார். துளை சிறிது என்றால் படம் கூர்மை, ஆனால் வெளிச்சம் குறைவு. துளை பெரிது என்றால் வெளிச்சம் கூட, ஆனால் படம் கலங்கல்.

வரலாற்றின் முதல் பேரம் இதுதான். இன்றைய பல இலட்ச ரூபாய் லேசர் பெட்டியும் இதிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை.

■ எலும்புக்கூடும் பேயும்

அந்த நூல் 1200ஐ அண்டிய காலத்தில் இலத்தீனுக்குப் போனது. 1572இல் பாசல் நகரில் அச்சாகியது. ஐரோப்பிய ஒளியியலாளர்கள் அதைப் படித்தே வளர்ந்தார்கள். பிறகு வில்லை வந்து துளையின் இடத்தைப் பிடித்தது.

1659இல் ஒல்லாந்தரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ், விளக்கு, வில்லை, கண்ணாடியில் வரைந்த சித்திரம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கருவிக்குக் குறிப்பு வரைந்தார். அதில் அவர் வரைந்து வைத்த படங்கள் ஆடும் எலும்புக்கூடுகள்! 'மாய விளக்கு' என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். அவருடைய தந்தைக்கு அதை பிரெஞ்சு அரசவையில் காட்ட ஆசை. சனிக்கோளின் வளையத்தை விளக்கிய பெரிய விஞ்ஞானிக்கோ இந்த விளையாட்டுப் பொருளால் தன் பெயர் வெளியே வருவது வெட்கம். அது வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்ளுமாறு தன் சகோதரருக்குக் கடிதம் எழுதினார்.

அந்த விளக்குகளில் எரிந்தது மெழுகுவர்த்தியும் எண்ணெய்த் திரியும். வெளிச்சம் மிகக் குறைவு. எனவே அறை முழு இருளாக இருக்க வேண்டும், படம் சிறிதாக இருக்க வேண்டும்.

1790களின் இறுதியில் பாரிஸில் ரொபேர்ட்சன் என்பவர் பேய்க் காட்சி நடத்தினார். விளக்குப் பெட்டியைச் சில்லுகளில் ஏற்றித் திரைக்குப் பின்னால் முன்னும் பின்னும் தள்ளுவார். உருவம் பெரிதாகிச் சபையை நோக்கிப் பாய்வது போலத் தோன்றும். அவருடைய காட்சியில் ஒரு நுட்பம் இருந்தது. கண்ணாடிச் சிலைட்டில் உருவத்தைச் சுற்றியுள்ள இடம் முழுவதையும் கறுப்புப் பூசி மறைத்தார்கள். அதனால் திரையின் சதுர விளிம்பு தெரியவில்லை. உருவம் இருளில் மிதந்தது. மக்கள் அலறினார்கள்.

இங்கேதான் புரொஜெக்டர் வரலாற்றின் பெரிய உண்மை இருக்கிறது. அவர்களைப் பயமுறுத்தியதில் பாதி வெளிச்சம், பாதி கறுப்பு. புரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது. அது வெளிச்சத்தை மட்டுமே எறியும். கறுப்பு என்பது வெளிச்சம் போகாத இடம். எந்த அளவுக்கு வெளிச்சத்தைத் தடுக்க முடிகிறதோ, அந்த அளவுக்குத்தான் கறுப்பு.

■ வெளிச்சத்துக்குக் கொடுத்த உயிர் விலை

19ஆம் நூற்றாண்டு முழுவதும் கூடிய வெளிச்சத்தைத் தேடிய காலம். ஒட்சிசனும் ஐதரசனும் எரியும் சுவாலையைச் சுண்ணாம்புத் துண்டில் படவிட்டால் அது வெள்ளையாக ஒளிரும். 1820களில் தோமஸ் ட்ரம்மண்ட் இதை நில அளவைப் பணிக்குப் பயன்படுத்தினார். பின்பு நாடக மேடைக்கும் மாய விளக்குக்கும் அது வந்தது. ஆனால் வாயு வெடிக்கும்.

1895 டிசம்பர் 28இல் பாரிஸ் கிராண்ட் கபேயில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு அசையும் படம் காட்டினார்கள். அதற்கு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. 1897 மே 4இல் அதே பாரிஸில் ஓர் அறக்கொடைச் சந்தையில் படம் காட்டிய கருவியின் ஈதர் விளக்கிலிருந்து தீ பரவியது. 126 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள்.

அதற்குப் பிறகு தியேட்டர்களில் நிலைத்தது கரிவில் விளக்கு. இரண்டு கரித்தண்டுகளுக்கு நடுவே மின்வில் எரியும். தண்டு எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். எமது வாப்பாமார் பார்த்த பழைய தியேட்டர்களில் மேலே ஓர் ஒப்பரேட்டர் வெக்கையில் நின்றபடி இரண்டு மெஷின்களையும் மாறி மாறி ஓட்டியதற்கு ஒரு காரணம் ரீலின் நீளம். இன்னொரு காரணம் இந்தக் கரித்தண்டு. 1950களில் ஜேர்மனியிலிருந்து செனன் விளக்கு வந்தது. அது சீராக எரியும், அருகில் ஆள் நிற்கத் தேவையில்லை. ஆனால் உள்ளே அமுக்கம் மிக அதிகம். மாற்றும்போது முகத்துக்குக் காப்புக் கவசம் போட வேண்டும்.

■ வீட்டுக்குள் வந்த மூன்று கண் பெட்டி

வீட்டுச் சினிமா 1980களிலும் 90களிலும் வசதி படைத்தவர்களின் விடயம். அப்போதிருந்தது மூன்று கதோட்டுக் கதிர்க்குழாய் கொண்ட புரொஜெக்டர். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. நாலு பேர் தூக்கும் பாரம். மூன்று படங்களும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்வரை திருகித் திருகிச் சரிபார்க்க மணித்தியாலங்கள் போகும். வெளிச்சமும் குறைவு.

ஆனால் அதன் கறுப்பு அபாரம். இருண்ட காட்சியில் குழாய் அந்த இடத்தில் ஒளிர்வதே இல்லை. எனவே கசிவும் இல்லை. இன்றுகூட அந்தக் கறுப்பை நினைத்துப் பெருமூச்சு விடும் இரசிகர்கள் இருக்கிறார்கள்.

■ திரவப் பளிங்கும் சின்னஞ்சிறு ஆடிகளும்

1989இல் எப்சன், ஷார்ப் ஆகிய யப்பானியக் கம்பனிகள் திரவப் பளிங்குப் புரொஜெக்டர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. எல்சீடி என்று நாம் சொல்வது இதைத்தான். பின்னால் எப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள எல்சீடித் தகடு யன்னல் திரைபோலத் திறந்து மூடும். மூடிய யன்னலாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். ஆகவே கறுப்பு சாம்பல் நிறமானது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1987இல், டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனியின் லாரி ஹோர்ன்பெக் வேறொரு வழியைக் கண்டார். விரல் நகமளவு சிப் ஒன்றின் மேல் இலட்சக்கணக்கான நுண்ணிய ஆடிகள். ஒவ்வொன்றும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி திரைக்குப் போகும். மறுபக்கம் சாய்ந்தால் உள்ளேயே விழுங்கப்படும். டீஎல்பீ என்பது இதுதான். 1996இல் விற்பனைக்கு வந்தது. 2015இல் ஹோர்ன்பெக்குக்கு ஒஸ்கார் விருதுக் குழு தொழில்நுட்பத்துக்கான சிலையைக் கொடுத்தது.

படம் கூர்மையானது, பெட்டி சிறியதானது. அதற்கும் விலை இருந்தது. வீட்டுக்கு வருவதில் சிப் ஒன்றுதான். எனவே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டும். மூளைதான் சேர்த்துக்கொள்கிறது. சிலருடைய கண்ணுக்கு, பார்வையைத் திருப்பும்போது வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் பளிச்சென்று தெரியும். பலருக்குத் தெரியவே தெரியாது. ஒரே வீட்டில் வாப்பாவுக்குத் தெரியாது, மகளுக்குத் தலையிடிக்கும்.

மூன்றாவது குடும்பம் ஒன்றும் உண்டு. எல்சீடியையும் ஆடியையும் சேர்த்தது போல, தெறிப்புப் பரப்பின் மேல் திரவப் பளிங்கு. ஜேவீசியும் சோனியும் செய்வது. இருண்ட அறையில் இதன் கறுப்பு மிக ஆழமானது. விலையும் அப்படித்தான்.

இந்த மூன்றுக்கும் அக்காலத்தில் வெளிச்சம் கொடுத்தது, 1995இல் பிலிப்ஸ் கொண்டுவந்த உயர் அமுக்க இரச விளக்கு. உள்ளே வளிமண்டல அமுக்கத்தைப் போல சுமார் 200 மடங்கு அமுக்கம். சில ஆயிரம் மணித்தியாலத்தில் வெளிச்சம் பாதியாகும். அணைத்த பிறகும் விசிறி சுழன்று சூட்டைத் தணிக்க வேண்டும். 2022இல் நாம் அனுபவித்த பல மணித்தியால மின்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். திடீரென்று கரண்ட் போனால் விசிறியும் நின்றுவிடும். சூடு உள்ளேயே தங்கும். அந்த விளக்குகளுக்கு எமது நாட்டு மின்சாரம் நல்ல நண்பனாக இருக்கவில்லை.

■ நீல நிறத்துக்காகக் காத்திருந்த லேசர்

லேசருக்கு அடிப்படையான கருத்தை ஐன்ஸ்டைன் 1917இலேயே எழுதினார். 1960 மே 16இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் செம்மணிக் கல் ஒன்றிலிருந்து முதல் லேசரை எடுத்தார். அப்படியென்றால் லேசர் புரொஜெக்டர் வீட்டுக்கு வர ஏன் ஐம்பது வருடம் சென்றது?

காரணம் நிறம். படத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வேண்டும். சீடிக்கு அகச்சிவப்பு, டீவீடிக்குச் சிவப்பு என்று அந்தப் பக்க லேசர்கள் மலிவாகிவிட்டன. நீலம் கிடைக்கவில்லை. யப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோரின் உழைப்பால் 1990களில்தான் பிரகாசமான நீல எல்ஈடியும், தொடர்ந்து நீலப் பக்க லேசரும் வந்தன. நகமுரா பணிபுரிந்தது ஒரு மாகாண நகரத்துக் கம்பனி. அந்த நீல எல்ஈடிக்காக மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நீலம் வந்தது, பச்சை இன்னும் கஷ்டமாக இருந்தது. எனவே பொறியியலாளர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். நீல லேசரை, சுழலும் பொஸ்பர் வட்டின் மேல் அடித்தார்கள். அது மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒளிரும். 2010இல் கேசியோ, நீல லேசர், பச்சை பொஸ்பர், சிவப்பு எல்ஈடி மூன்றையும் சேர்த்து இரச விளக்கே இல்லாத புரொஜெக்டரை விற்பனைக்கு விட்டது. 2013இல் எல்ஜி, சுவரோடு ஒட்டி வைத்தே 100 அங்குலப் படம் காட்டும் பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு சீனக் கம்பனிகள் களமிறங்கி விலையைக் குறைத்தன. இன்று 'லேசர் டீவி' என்று கடையில் சொல்வது இந்த வம்சத்தைத்தான்.

■ லேசர் தந்தது என்ன, எடுத்தது என்ன

தந்ததை முதலில் சொல்வோம். போட்டவுடன் எரியும், அணைத்தவுடன் அணையும். சுமார் 20,000 மணித்தியாலம் என்கிறார்கள். தினமும் 4 மணித்தியாலம் பார்த்தால் 13 வருடத்துக்கும் மேல். இரசம் இல்லை. இருண்ட காட்சி வந்தால் லேசரையே ஒரு நொடியில் மங்கச் செய்யலாம்.

இனி விலைப்பட்டியல்.

ஒன்று, ஆயுள். 20,000 மணித்தியாலம் என்பது வெளிச்சம் பாதியாகும்வரை என்று பொருள். அதுவும் லேசருக்குத்தான், விசிறிக்கும் மின்சுற்றுக்கும் அல்ல. பழைய விளக்கு போனால் வேறொன்று வாங்கிப் போடலாம். லேசர்ப் பகுதி போனால் பெரும்பாலும் உள்ளுறுப்புத் தொகுதியையே மாற்ற வேண்டும். தூசும் கடற்காற்றும் உள்ள ஊர்களில் இது சின்ன விடயமல்ல.

இரண்டு, நிறம். நீல லேசரும் பொஸ்பரும் உள்ள வகையில் சிவப்பு பலவீனம். சற்றுச் செம்மஞ்சளாகத் தெரியும். வடிகட்டி போட்டால் நிறம் சரிவரும், வெளிச்சம் குறையும். மூன்று நிற லேசர் வகையில் நிறங்கள் அபாரம். 2012இல் வகுக்கப்பட்ட 2020 என்ற சர்வதேச நிற நியமம் 630, 532, 467 நானோமீற்றர் என மூன்று தூய அலைநீளங்களைக் கேட்கிறது. லேசரால்தான் அதை நெருங்க முடியும். ஆனால் லேசர் ஒளி ஒரே தாளத்தில் வருவதால், கரடான திரையில் பட்டு ஒன்றோடொன்று மோதி, மணல் தூவினாற்போல மினுமினுக்கும். 'ஸ்பெக்கிள்' என்பது இதுதான். சிலருக்கு எழுத்தின் ஓரங்களில் நிறக் கரையும் தெரியும். ஒளி அவ்வளவு தூயதாக இருப்பதால், ஒரே வெள்ளையை இருவர் இரு விதமாகக் காண்பதும் உண்டு.

மூன்று, கறுப்பு. இங்கேதான் விளம்பரத்தின் பெரிய இலக்கம் ஒளிந்திருக்கிறது. "பத்து இலட்சத்துக்கு ஒன்று" எப்படி வருகிறது? முழு வெள்ளைப் படத்தை ஒருமுறை அளக்கிறார்கள். பிறகு முழுக் கறுப்புப் படத்தில் லேசரை அணைத்தோ மிக மங்கலாக்கியோ அளக்கிறார்கள். இரண்டையும் பிரிக்கிறார்கள். ஆனால் நாம் பார்க்கும் படத்தில் கறுப்பும் வெள்ளையும் ஒரே நேரத்தில் இருக்கும். இருண்ட வானில் ஒரு நிலவு இருந்தால் நிலவுக்காக லேசர் எரிய வேண்டும். அப்போது வானத்திலும் கசியும். இதைக் காட்டுவது கருவியின் சொந்தக் கொன்ட்ராஸ்ட். மலிவான டீஎல்பீ வீட்டுப் பெட்டிகளில் அது ஆயிரம், இரண்டாயிரம் என்ற அளவில்தான். தெறிப்புத் திரவப் பளிங்கு வகையில் பல்லாயிரம்.

நான்கு, கூர்மை. '4கே' என்றால் 3840 பெருக்கல் 2160, அதாவது 83 இலட்சம் அளவில் புள்ளிகள். பல வீட்டு டீஎல்பீப் பெட்டிகளில் உள்ள சிப்பில் 1920 பெருக்கல் 1080 ஆடிகள்தான். சுமார் 21 இலட்சம். ஒவ்வொரு ஆடியின் படத்தையும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நான்கு இடங்களுக்கு நகர்த்தி 83 இலட்சமாக்குகிறார்கள். இது மோசடியல்ல, நல்ல பொறியியல். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் முழு 83 இலட்சமும் சிப்பிலேயே உள்ள கருவிக்கும் இதற்கும் விலை ஏன் அவ்வளவு வித்தியாசம் என்பது இப்போது புரியும்.

ஐந்து, எச்டீஆர். அந்தப் படங்களை 1000 நிற்ஸ் பிரகாசத்துக்கோ அதற்கும் மேலாகவோ தயாரிக்கிறார்கள். 100 அங்குலத் திரையில் வீட்டுப் புரொஜெக்டர் கொடுப்பது இருநூறு, முந்நூறைச் சுற்றி. பெரிய சட்டையைச் சிறிய பெட்டிக்குள் மடிப்பதுபோல, கருவி பிரகாசத்தை மடித்து வைக்கிறது. மடிப்பு நன்றாக இருந்தால் படம் அழகு; இல்லாவிட்டால் வெளிறும், அல்லது இருண்டுபோகும்.

■ ஒரு சின்னக் கணக்கு

O/L பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

100 அங்குலத் திரையின் அகலம் 2.21 மீற்றர், உயரம் 1.25 மீற்றர். பரப்பு ஏறக்குறைய 2.75 சதுர மீற்றர். உண்மையான 2000 லூமன் கருவி ஒன்று அதில் படும்போது சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 725 லூமன், அதாவது 725 லக்ஸ்.

ஹோலில் லைட் எரிகிறது. சுவரில் 100 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது திரையின் வெள்ளை 825. கறுப்பு? அது வெள்ளைத் திரைதானே. அறையின் 100 லக்ஸ் அதில் இருக்கிறது. 825ஐ 100ஆல் பிரித்தால் 8. பெட்டியில் பத்து இலட்சத்துக்கு ஒன்று. ஹோலில் எட்டுக்கு ஒன்று!

சரி, விலையை இரட்டிப்பாக்கி 4000 லூமன் வாங்குவோம். 1550ஐ 100ஆல் பிரித்தால் 15.

இனி பழைய 2000 லூமனையே வைத்துக்கொண்டு, லைட்டை அணைத்து, யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை போட்டு, அறை வெளிச்சத்தை 5 லக்ஸுக்குக் கொண்டுவருவோம். 730ஐ 5ஆல் பிரித்தால் 146. கருவியின் சொந்தக் கசிவைச் சேர்த்தாலும் நூறுக்கு மேலேயே நிற்கும்.

சில ஆயிரம் ரூபாய்த் திரைச்சீலை, சில இலட்ச ரூபாய் லேசரைத் தோற்கடிக்கிறது. ரொபேர்ட்சன் சிலைட்டில் கறுப்புப் பூசியதும் இதே கணக்குத்தான். சினிமாத் தியேட்டருக்கான நியமப் பிரகாசம் சதுர மீற்றருக்கு 48 கண்டெலா. முழு இருளில் 100 அங்குல வெள்ளைத் திரைக்கு அதைக் கொடுக்க 400 லூமனுக்குச் சற்றுக் கூட இருந்தாலே போதும்.

பகலிலும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு, மேலிருந்து வரும் வெளிச்சத்தை விழுங்கி, கீழிருந்து வரும் படத்தை மட்டும் திருப்பும் விசேட திரைகள் உள்ளன. அவையும் இலவசமல்ல. விலை கூட, பக்கவாட்டில் இருப்பவருக்கு மங்கலாகத் தெரியலாம், சுவர் மட்டமாக இருக்க வேண்டும்.

■ வாங்குமுன் செய்து பாருங்கள்

▪ எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். யன்னல் திறந்த மண்டபத்தில் பயானுக்கும் பாடத்துக்கும் என்றால் எழுத்துத் தெரிய வேண்டும், வெளிச்சமே முதன்மை. அங்கே மூன்று நிற லேசருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். இருண்ட அறையில் படம் பார்க்க என்றால் கறுப்பே முதன்மை. 4000 லூமன் தேவையில்லை.

▪ லூமன் எந்த நியமத்தில் என்று கேளுங்கள். ஐஎஸ்ஓ அல்லது அன்ஸி என்றால் திரையில் அளந்தது. "ஒளி மூல லூமன்" என்றால் உள்ளே விளக்கில் அளந்தது. திரைக்கு வருவது அதைவிடக் குறைவு. மிகப் பிரகாசமான நிலையில் படம் பச்சையடிப்பதும் வழமை. 'சினிமா' நிலையில் வைத்துப் பாருங்கள்.

▪ கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் இடத்தைப் போடச் சொல்லுங்கள். கறுப்பு எவ்வளவு சாம்பல் என்று பாருங்கள். கண்ணை இடம் வலமாக அசைத்து வானவில் தெரிகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் பார்க்கப்போகும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கண் வேறு, உம்மாவின் கண் வேறு.

▪ ஒரே நிறம் நிறைந்த காட்சியில் மணல் மினுமினுப்பைத் தேடுங்கள். நீங்கள் உட்காரப்போகும் தூரத்திலிருந்தே தேடுங்கள்.

▪ லேசர்ப் பகுதிக்கு உத்தரவாதம் எத்தனை வருடம், இலங்கையில் திருத்துபவர் யார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

▪ சுவரோரம் தாழ்வாக வைக்கும் பெட்டிகளில் ஒளி கீழிருந்து மேலே வரும். சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். ஆள் கிட்ட வந்தால் தானாக மங்கும் வசதி உண்டா, அது வேலை செய்கிறதா என்று கடையிலேயே கையை நீட்டிப் பாருங்கள். எந்த லேசர் வில்லைக்குள்ளும் நேராகப் பார்க்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

■ முடிவாக

இப்னுல் ஹைதமின் பெயரை நாம் மேடைகளில் சொல்கிறோம். பாடசாலைச் சுவர்களில் எழுதுகிறோம். பெருமைப்படுவது தவறல்ல. ஆனால் அவர் விட்டுச்சென்றது பெயரை அல்ல, பழக்கத்தை. பெரியவர்கள் எழுதியது என்பதற்காக எதையும் ஏற்காமல், விளக்கை வைத்து, துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி, ஒன்றை மறைத்து ஒன்றைத் திறந்து பார்த்த பழக்கம். பெட்டியில் அச்சடித்த இலக்கத்தை அப்படியே நம்பி ஊர்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மேடையில் அவர் பெயரைச் சொல்வதில் பொருள் இல்லை.

நல்ல கருவிகள் இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். குறையில்லாத கருவி இல்லை. எந்தக் குறையோடு எமது அறையும் எமது கண்ணும் எமது பணமும் ஒத்துப்போகும் என்பதே கேள்வி. அதற்கான பதில் கடையிலும் இல்லை, இந்தப் பதிவிலும் இல்லை. உங்கள் வீட்டு யன்னலிலும் லைட் சுவிட்சிலும் இருக்கிறது. இன்றிரவு லைட்டை ஒருமுறை அணைத்து, சுவரில் எவ்வளவு இருள் இருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து கணக்கைத் தொடங்கலாம்.

மண்டபத்துக்கோ பாடசாலைக்கோ வாங்க யோசிப்பவர்கள், அறையின் நீள அகலத்தையும் யன்னல்களின் எண்ணிக்கையையும் கீழே எழுதுங்கள். கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.